ஸ்னோடிராப் பாத்தியில் தோன்றும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

தோட்டத்தில் வேறெதுவும் தலைகாட்டாத சனவரி, பிப்ரவரி மாதங்களில் பூப்பதால், கிழங்கிலிருந்து முளைத்து வெண்ணிறப் பூவைத் தொங்கவிடும் ஸ்னோடிராப் செடியில் ஏற்படும் சிறு மாறுதல்கூட உடனே கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டவுடன் அது நோயாக இருக்குமோ என்ற ஐயமும் எழுகிறது. ஆனால் ஒரே பாத்தியில் பல வகைகளை வளர்ப்பவர்கள் கவலைப்படும் குறைகளில் கணிசமான பங்கு உண்மையில் குறையே அல்ல. ஒரு வகையின் இயல்பை மற்றொரு வகையின் அளவுகோலால் அளப்பதால்தான் அது குறையாகத் தோன்றுகிறது. ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன்பு, அறிகுறி எங்கெங்கே தெரிகிறது என்பதைப் பக்கத்துச் செடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு குத்தில், அதாவது ஒன்றாக நெருங்கி வளரும் கிழங்குக் கூட்டத்தில், ஓரிரு கிழங்குகள் மட்டும் நலிந்திருந்தால் பூச்சியைச் சந்தேகிக்கலாம். ஒரு குத்தின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பரவியிருந்தால் பூசணமோ நெரிசலோ காரணமாகும். குறிப்பிட்ட ஒரு வகை எங்கே நடப்பட்டிருந்தாலும் அதே அறிகுறியைக் காட்டினால், அது அவ்வகையின் இயல்பு, இல்லையேல் அதனுடன் சேர்ந்தே வந்த வைரஸ். ஏனெனில் பெயரிடப்பட்ட வகை என்பது பெரும்பாலும் ஒரே தாய்க்கிழங்கிலிருந்து பிரித்துப் பிரித்துப் பெருக்கப்பட்டது, தாயிடம் இருந்தது அனைத்தும் சேய்களிடமும் இருக்கும். பாத்தி முழுவதும் ஒரே நேரத்தில் வாடினால் வானிலையையும் மண்ணையும் பார்க்க வேண்டும். அறிகுறி எங்கே தெரிகிறது என்ற இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், கீழே உள்ள அறிகுறிகளில் பாதியைப் படிக்க வேண்டிய தேவையே இராது. இங்கே குறிப்பிடப்படும் மாதங்கள் வட அரைக்கோளத்துக்கு உரியவை.

எதற்கும் முன்பு: இனத்தை உறுதிசெய்தல்

ஸ்னோடிராப் என்று நாம் அழைக்கும் காலாந்தஸ் பேரினத்தில் ஏறத்தாழ 20 இனங்கள் உள்ளன. தோட்டங்களில் பெரிதும் காணப்படுபவை நான்கு: ஐரோப்பா முழுவதும் பரவியுள்ள நிவாலிஸ், துருக்கியையும் பால்கன் பகுதியையும் சேர்ந்த எல்வேசி, கிரிமியா உள்ளிட்ட கருங்கடல் பகுதிகளின் பிளிக்காட்டஸ், காக்கசஸின் வோரனோவி. பூவைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய முயல்பவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள், ஏனெனில் உள்ளிதழின் பச்சைக் குறி ஒரே இனத்துக்குள்ளேயே பலவாறு மாறும். நம்பத்தக்க அடையாளம், முளை மண்ணைவிட்டு வெளிவரும்போது இரண்டு இலைகளும் மடிந்திருக்கும் விதம்தான்.

நிவாலிஸில் இரண்டு இலைகளும் தட்டையாக, முகத்தோடு முகம் ஒட்டி நிற்கும். இலை ஒடுங்கியது, சாம்பல் பூத்த பச்சை நிறம் கொண்டது. எல்வேசியிலும் வோரனோவியிலும் ஓர் இலை மற்றதை அடியில் சுற்றிப் பொதிந்திருக்கும். எல்வேசியின் இலை அகன்று நீலச் சாம்பல் நிறத்தில் இருக்க, வோரனோவியின் இலை பளபளப்பான தெளிந்த பச்சை நிறத்தில் இருக்கும். பிளிக்காட்டஸில் இலையின் இரு ஓரங்களும் பின்புறமாக மடிந்திருக்கும், இலை முதிர்ந்த பிறகும் அந்த மடிப்புத் தடம் ஓரத்தை ஒட்டித் தெரியும். கலப்பினங்களில் இந்த அடையாளங்களும் கலந்தே வரும்: நிவாலிஸுக்கும் பிளிக்காட்டஸுக்கும் பிறந்ததாகக் கருதப்படும் ஒரு செடியில் ஓர் இலையின் ஓரம் மட்டும் அரைகுறையாக மடிந்திருக்கலாம். இந்த விவரத்தைப் பெயர்ச்சீட்டின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்வது, பின்னர் வரும் பல சிக்கல்களை எளிதாக்கும்.

அறிகுறி: முளையே வரவில்லை

முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். எல்வேசியில் சில வகைகள் நவம்பரிலேயே பூத்துவிடும். 'த்ரீ ஷிப்ஸ்' என்ற பிளிக்காட்டஸ் வகை கிறிஸ்துமஸ் வாக்கில் பூப்பதால்தான் அப்பெயரைப் பெற்றது. அதற்கு மாறாக, பின்பருவ நிவாலிஸ் வகைகள் பிப்ரவரி முடியும் வரையும்கூடக் காத்திருக்கும். கிரேக்க நாட்டைச் சேர்ந்த ரெஜினே-ஓல்கே இனம் அக்டோபரில் இலையே இல்லாமல், அல்லது இலை மிகக் குட்டையாக இருக்கும் நிலையில் பூக்கும். ஆகவே பக்கத்துக் குத்து பூத்துவிட்டது என்பது இந்தக் குத்து செத்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

மார்ச் மாதம் பிறந்தும் முளை இல்லையென்றால் ஓரத்தில் மெதுவாகத் தோண்டிப் பார்க்கலாம். முந்தைய இலையுதிர் காலத்தில் உலர்ந்த கிழங்காக வாங்கி நட்டவை என்றால் விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்: தோல் மட்டும் எஞ்சிய வெற்றுக் கூடு, அல்லது தொட்டால் நொறுங்கும் கிழங்கு. டியூலிப், டாஃபடில் கிழங்குகளைப் போல ஸ்னோடிராப் கிழங்கு மாதக்கணக்கில் உலர் நிலையைத் தாங்குவதில்லை. எல்வேசி ஓரளவு தாங்கும், நிவாலிஸ் தாங்காது. தீர்வு, வாங்கும் நேரத்தை மாற்றுவதுதான். பூ முடிந்தவுடன் இலையோடு தோண்டிய செடிகளை வாங்கி உடனே நடுவது ஒரு வழி. இலை முற்றிலும் மடிந்த பிறகு, மே இறுதியிலிருந்து சூலைக்குள், புதிதாகத் தோண்டி ஈரம் காயாமல் அனுப்பப்படும் உறக்கநிலைக் கிழங்கை வாங்குவது மற்றொரு வழி. இவற்றுள் எது சிறந்தது என்ற வாதம் வளர்ப்போரிடையே முடிவதாயில்லை. இலையோடு தோண்டும்போது வேர் அறுபடுவது உறுதி, அந்த வேர் அப்பருவத்தில் மீண்டும் வளராது என்பதால், உறக்கநிலையில் மாற்றுவதே செடிக்கு நல்லது என்பது என் கருத்து. ஆனால் இலையோடு வருவது உயிருள்ளது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதையும் மறுக்க இயலாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காலாந்தஸ் இனங்கள் அனைத்தும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து தோண்டப்பட்ட கிழங்குகளே உலர்ந்த நிலையில் மொத்தமாக விற்கப்பட்டு வந்தன. விலை மலிவாக இருக்கும் உலர்ந்த எல்வேசி, வோரனோவிக் கிழங்குகளின் மூலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே வாங்க வேண்டும்.

தோண்டும்போது கையுறை அணிவது நல்லது. கிழங்கிலுள்ள காலாண்டமின் உள்ளிட்ட ஆல்கலாய்டுகள் நச்சுத்தன்மை உடையவை. அந்தக் காலாண்டமின்தான் அல்சைமர் நோய்க்கான மருந்தாகவும் பயன்படுகிறது என்பது வேறு கதை. தோண்டிய கிழங்குகளைச் சமையலறைப் பக்கம் வைத்தால் சிறு வெங்காயமாகத் தவறாக எண்ணப்படும் வாய்ப்பு உண்டு.

அறிகுறி: இலை வருகிறது, பூ வரவில்லை

பூவின்றி நிற்கும் குத்தே வளர்ப்போர் அதிகம் சந்திக்கும் சிக்கல். இதற்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிய இலையின் அகலத்தைப் பார்க்க வேண்டும்.

இலைகள் அடர்ந்து, ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட ஒடுங்கியிருந்து, குத்தின் ஓரத்தில் மட்டும் ஓரிரண்டு பூக்கள் இருக்குமானால் அது நெரிசல். நிவாலிஸின் இரட்டை இதழ் வடிவமான 'ஃப்ளோர் பிளேனோ' போன்ற விரைவில் பெருகும் வகைகளில் சில ஆண்டுகளிலேயே கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கி மேலே தள்ளத் தொடங்கும். மண்மட்டத்தில் கிழங்கின் கழுத்து வெளியே தெரிவது இதன் முற்றிய நிலை. மேலே வந்த கிழங்கு கோடையில் காய்கிறது, காய்ந்தது சிறுக்கிறது, சிறுத்தது பூப்பதில்லை. முழுக் குத்தையும் தோண்டி எடுத்து, கிழங்குகளைக் கையால் பிரித்து, இரண்டு மூன்றாகச் சேர்த்து 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டால் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ பூ திரும்பும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர் பிரிப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்நிலை வருவதேயில்லை. பிரிப்பதன் மற்றொரு பயன், ஒரே வகையைத் தோட்டத்தின் இரண்டு மூன்று இடங்களில் வைத்திருக்க முடிவது. ஓரிடத்தில் நோய் வந்தாலும் வகை அழிந்துவிடாது.

இலைகள் நன்கு அகன்று, செழிப்பாக, ஆனால் பூ இல்லாமல் இருந்தால் நெரிசல் காரணமன்று. தழைச்சத்து மிகுந்த உரமோ, மட்காத எருவோ இடப்பட்டிருக்கலாம். ஸ்னோடிராப்புக்கு இலைமட்கு போதுமானது. உரம் தேவை என்று தோன்றினால் சாம்பல்சத்து மிகுந்ததை, நீர்த்த கரைசலாக, இலை பசுமையாக இருக்கும் காலத்தில் மட்டும் தரலாம். தழைச்சத்தால் பெருத்த மென்மையான இலையில் பூசணம் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் இங்கே தாராளம் கூடாது.

இலைகள் நீண்டு, வெளிறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தால் நிழல் மிகுதி. இலையுதிர் மரங்களின் அடியில் இச்செடி நன்றாக வளர்வதற்குக் காரணம், அது வளரும் பருவத்தில் அம்மரங்களில் இலை இருப்பதில்லை என்பதே. என்றும் பசுமையான புதரின் அடியில் அந்த வசதி கிடையாது. இத்தகைய மரம், புதர்களின் வேர்கள் கோடையில் மண்ணின் ஈரத்தையும் முழுமையாக உறிஞ்சிவிடும். எல்வேசி கோடை வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும், சற்று வெயிலையும் விரும்பும். நிவாலிஸும் வோரனோவியும் ஈரம் முற்றிலும் வற்றாத மண்ணைக் கேட்கும். ஒரே இடத்தில் நட்ட எல்வேசி பூத்து நிவாலிஸ் பூக்கவில்லையென்றால், மண் கோடையில் மிகவும் காய்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம். இப்படி இரண்டு இனங்களை அருகருகே நட்டுவைப்பது மண்ணைச் சோதிக்கும் எளிய முறையும் ஆகும்.

சென்ற ஆண்டு இலை மஞ்சளாகும் முன்பே புல்வெட்டும் இயந்திரம் அவ்விடத்தில் ஓடியதா என்பதையும் நினைவுகூர வேண்டும். பூ முடிந்தபின் இலை வேலை செய்யும் சில வாரங்களில்தான் அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவு கிழங்கில் சேர்கிறது. புல்வெளியில் நட்டவர்கள் மே மாதம் வரை அப்பகுதியை வெட்டாமல் விட வேண்டும். இலைகளை முடிச்சிட்டுக் கட்டி வைப்பதும் வெட்டுவதைப் போலவே கெடுதியானது.

இடம் மாற்றிய முதல் ஆண்டில் பூ இல்லாமல் போவது மட்டும் கவலைக்குரியதன்று.

அறிகுறி: முளையின் மீது சாம்பல் நிறப் பஞ்சு

இதைக் கண்டால் அன்றே செயல்பட வேண்டும். இலைகள் வளைந்து, குட்டையாக, மண்ணைவிட்டு வெளிவரும்போதே சாம்பல் நிறப் பூசணம் போர்த்தியிருந்தால், அது ஸ்னோடிராப்பைக் குறிவைத்துத் தாக்கும் போட்ரைடிஸ் கலாந்தினா என்ற பூஞ்சை. பூந்தண்டும் அழுகிச் சாயும், பின்னர் கிழங்கும் அழுகும். தோண்டிப் பார்த்தால் கிழங்கின் மேற்புறத்தில் கடுகைவிடச் சிறிய கருமுடிச்சுகள் ஒட்டியிருக்கும். பூஞ்சை கோடையைக் கழிப்பதும், அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் தொடங்குவதும் இந்த முடிச்சுகளிலிருந்துதான். மிதமான, ஈரம் மிகுந்த குளிர்காலங்களில் இது கடுமையாகப் பரவும். கடுங்குளிர் இதற்குப் பகை.

வீட்டுத் தோட்டத்தில் இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பாதிக்கப்பட்ட கிழங்கை மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள மண்ணையும் ஒரு மண்வெட்டி அளவுக்கு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். அதை மட்குக் குழியில் போடக் கூடாது. அங்கிருந்து அது மறுபடியும் பாத்திக்கே வரும். அருகிலுள்ள நலமான கிழங்குகளைத் தோண்டி, பழைய தோலையும் மண்ணையும் நீக்கி, கருமுடிச்சு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வேறிடத்தில் தனித்தனியாக நடலாம். பழைய இடத்தில் சில ஆண்டுகளுக்கு ஸ்னோடிராப் நடக் கூடாது.

மருந்து இல்லாத நோய்க்கு இடைவெளிதான் காவல். அரிய வகைகளைச் சேகரிப்பவர்கள் அவற்றையெல்லாம் ஒரே பாத்தியில் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நட்டு வைப்பதைப் பார்க்கும்போது, அழகைவிட ஆபத்துதான் முதலில் தெரிகிறது.

பூ முடிந்து மடிந்த இலை, இதழ்களின் மேல் மட்டும் சாம்பல் பூசணம் தெரிந்தால் அது பெரும்பாலும் செத்த திசுவில் வளரும் சாதாரணப் பூஞ்சை. மடிந்ததை அகற்றினால் போதும், குத்தைத் தோண்ட வேண்டியதில்லை.

அறிகுறி: பூத்துவந்த கிழங்கிலிருந்து புல் போன்ற இலைகள்

சென்ற ஆண்டு பருத்த முளையோடு பூத்த ஒரு கிழங்கு, இவ்வாண்டு நான்கைந்து மெல்லிய இலைகளாகச் சிதறி வந்தாலோ, அல்லது வராமலே போனாலோ, டாஃபடில் கிழங்குகளையும் தாக்கும் நார்சிசஸ் கிழங்கு ஈயின் வேலையாக இருக்கலாம். தோண்டி எடுத்து இரு விரல்களால் அழுத்தினால் கிழங்கு மெதுவாக அமுங்கும். குறுக்கே பிளந்தால் உள்ளே கூழும் எச்சமும், அவற்றுக்கிடையே தடித்த வெளிர்நிறப் புழு ஒன்றும் இருக்கும். டாஃபடில் கிழங்கில் ஒரு புழு ஒரே கிழங்கோடு நிறைவடைந்துவிடும். ஸ்னோடிராப் கிழங்கு சிறியது என்பதால் அது ஒன்றை முடித்துவிட்டுப் பக்கத்துக் கிழங்குக்கும் போகக்கூடும்.

இந்த ஈயைப் பார்த்தவர்களும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம், ஏனெனில் அது சிறிய வண்டுத்தேனீயைப் போல உடல் முழுவதும் மயிர் அடர்ந்தது. மே முதல் சூலைத் தொடக்கம் வரை, வெயில் காயும் நாட்களில், மடிந்துகொண்டிருக்கும் இலைகளின் அடியில் முட்டையிடும். இலை மடிந்த இடத்தில் மண்ணில் விழும் துளை புழுவுக்கு வழியாகிவிடுவதால், அத்துளையைக் காலால் அழுத்தி மூடுவது பழைய முறை. அப்பருவத்தில் நுண்கண்ணி வலையால் பாத்தியை மூடி வைப்பது அதைவிட உறுதியானது. நிழலான இடங்களை இந்த ஈ அதிகம் நாடுவதில்லை. எல்வேசிக்கு வெயில் பிடிக்கும் என்று திறந்த வெளியில் நட்டவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவது அதனால்தான்.

புழு தின்றதுபோக, வேர்கள் கிளம்பும் அடித்தட்டின் ஒரு பகுதியாவது எஞ்சியிருந்தால் கிழங்கை எறிந்துவிட வேண்டாம். கெட்ட பகுதியைக் கூர்மையான கத்தியால் நீக்கி, காயத்தை ஆறவிட்டு, தூய்மையான மணல் கலந்த தொட்டியில் நட்டால் அடித்தட்டின் விளிம்பிலிருந்து சிறு கிழங்குகள் தோன்றும். கிழங்கை அடித்தட்டோடு சேர்த்து இரண்டிரண்டு செதில்களாக அறுத்து, ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரம் காக்கும் கனிமத் துகள்) ஏறத்தாழ 12 வாரங்கள் இருட்டில் வைத்துப் பெருக்கும் முறையும் இதே தன்மையை நம்பியதுதான். அவ்வாறு பிறந்தவை பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஆயினும் ஒரே கிழங்காக இருக்கும் அரிய வகை முற்றிலும் போவதைவிட அது மேல்.

கிழங்கு அமுங்குகிறது, ஆனால் புழு இல்லை, குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகப் பழுப்பு நிறம் தெரிகிறது என்றால் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுவான தண்டு நூற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கிழங்குகளைக் காப்பாற்ற முயல்வது வீண். மொத்தமாக அழிக்க வேண்டும், வெட்டிய கத்தியையும் கழுவ வேண்டும்.

அறிகுறி: இலையில் மஞ்சள் கோடுகள், அல்லது நுனிக் கருகல்

மஞ்சளுக்குப் பொருள் காலத்தைப் பொறுத்து மாறும். ஏப்ரல், மே மாதங்களில் இலை முழுவதும் சீராக மஞ்சளாவது ஓய்வுக்குச் செல்வதன் அடையாளம். பிப்ரவரியிலேயே பாத்தி முழுவதும் மஞ்சளானால் வடிகாலைப் பார்க்க வேண்டும். களிமண்ணில் நீர் தேங்கி வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். ஆனால் இலையின் நீளவாக்கில் வெளிர் மஞ்சள் கீற்றுகள் ஒழுங்கற்று ஓடி, இலை சற்று முறுக்கிக்கொண்டு, அதே குத்தில் ஆண்டுதோறும் அது திரும்பவும் வந்தால், வைரஸ் என்றே கொள்ள வேண்டும். சில வகைகள் வைரஸோடு பல ஆண்டுகள் பூத்துக்கொண்டே இருக்கும், அதனால் அவற்றை அழிக்க மனம் வராது. அந்தக் குத்திலிருந்து அசுவினியும், தூர் பிரிக்கும் கத்தியும் நோயை அடுத்த வகைக்குக் கொண்டுசெல்லும் என்பதை எண்ணிப் பார்த்தால் மனம் வர வேண்டும். முறுக்கிய இலை ஓராண்டு மட்டும் தோன்றி மறைந்தால், முந்தைய வசந்தத்தில் இலை பசுமையாக இருந்தபோது களைக்கொல்லி தெளிப்பு அதன்மேல் பட்டதா என்று விசாரிக்கலாம்.

நுனி செம்பழுப்பாகக் கருகி, அக்கருகல் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போனால், டாஃபடில்களையும் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை காரணமாக இருக்கலாம். கருகிய பகுதியை நலமான திசுவோடு சேர்த்து வெட்டி அகற்றி, அடுத்த குத்துக்குச் செல்லும் முன் கத்தரியைத் துடைக்க வேண்டும். நுனி மட்டும் வெளுத்து அப்படியே நின்றுவிட்டால் அது குளிர்காற்றின் வடு, வேறொன்றுமில்லை.

அறிகுறி: காலையில் செடி முழுவதும் தரையில் சாய்ந்து கிடக்கிறது

கடும் உறைபனி இரவுக்குப் பின் இது இயல்பு. செல்களிலிருந்து நீர் வெளியேறி விறைப்புக் குறைவதால் தண்டும் இலையும் படுத்துவிடுகின்றன; வெப்பநிலை உயர்ந்ததும் தாமே எழும். அந்நேரத்தில் கைவைத்து நிமிர்த்தினால்தான் தண்டு ஒடியும். நண்பகலிலும் எழாத தண்டின் அடியைப் பார்த்து, அரித்த தடம் இருந்தால் ஓடில்லா நத்தைகளைத் தேடலாம். இதமான குளிர்காலங்களில் அவை மொட்டையும் ஓட்டையிடும்.

அறிகுறி: மொட்டு தொங்குகிறது, விரிவதில்லை

ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருந்தால்தான் வெளியிதழ்கள் நன்கு விரியும். குளிர்ந்த நாளில் ஒரு பூவைப் பறித்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் சில நிமிடங்களிலேயே விரிவதைக் காணலாம்.

அறிகுறி: மஞ்சள் வகை பச்சையாகப் பூக்கிறது

சூலகமும் (இதழ்களுக்கு மேலே குமிழாகத் தெரிவது) உள்ளிதழின் குறியும் மஞ்சளாக உள்ள வகைகளுக்கு விலை அதிகம் என்பதால் இந்த ஏமாற்றமும் அதிகம். ஆனால் இதிலும் வகைக்கு வகை விடை மாறும். இரட்டை இதழ் கொண்ட 'லேடி எல்ஃபின்ஸ்டன்' இடம் மாற்றப்பட்டால் ஓரிரு ஆண்டுகள் பச்சைக் குறியோடு பூத்து, பின்னர் மஞ்சளுக்குத் திரும்பும். வளர்ப்போர் அனைவரும் அறிந்த பிடிவாதம் இது. அதைத் தொடாமல் விட்டுவிடுவதே மருந்து. கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள வாண்டில்பரியில் கண்டெடுக்கப்பட்ட 'வெண்டீஸ் கோல்ட்' பிளிக்காட்டஸ் வகையானது. நல்ல வெளிச்சம் கிடைத்தால் நிறம் செறிவாகவும், அடர்நிழலில் மந்தமாகவும் இருக்கும். இதற்கு இடமாற்றமே தீர்வு. நிவாலிஸின் மஞ்சள் வடிவமான 'சாண்டர்சி' நிறத்தில் குறைவைப்பதில்லை, வீரியத்தில்தான் குறைவு. அது பெருகாமல் நிற்பதைப் பார்த்து உரம் கூட்டுபவர்கள் அதை இழக்கிறார்கள். 'வெண்டீஸ் கோல்ட்' குத்தில் ஒரு பூ மட்டும் முழுப் பச்சையாகவும் மற்றவை மஞ்சளாகவும் இருந்தால் அது நிறமாற்றமன்று, நாற்று. அதைப் பற்றி அடுத்து.

அறிகுறி: பெயருக்கும் பூவுக்கும் பொருத்தமில்லை

பெயர்ச்சீட்டில் ஒன்றும் பூவில் வேறொன்றுமாக இருந்தால் விற்றவர் மாற்றித் தந்துவிட்டார் என்றே முதலில் தோன்றும். சில வேளைகளில் அது உண்மை; பெரிய குறி கொண்ட இக்காரியே இனத்தின் பெயரில், நுனியில் சிறு குறி மட்டுமே உள்ள வோரனோவி விற்கப்படுவது நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஆனால் பல ஆண்டுகள் சரியாகப் பூத்த குத்தில் புதிதாக வேறு பூ தோன்றினால், விதை விழுந்து முளைத்திருக்கிறது. ஸ்னோடிராப் விதையில் எறும்புகளைக் கவரும் கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும். எறும்புகள் விதையைத் தூக்கிச் சென்று இன்னொரு வகையின் நடுவே போட்டுவிடும். விதையிலிருந்து பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆவதால், குழப்பம் தெரியவரும்போது அதன் தொடக்கம் மறந்துபோயிருக்கும். பெயரிட்ட வகைகளில் பூ வாடியதும் விதைக்காயைக் கிள்ளிவிடுவதும், மாறுபட்ட பூவுக்கு அன்றே ஒரு நூல் கட்டி வைத்து இலை மடிந்த பின் அக்கிழங்கை மட்டும் பிரித்தெடுப்பதும் இதற்கான வழிகள். பிரித்தெடுத்த நாற்றை உடனே எறிய வேண்டியதில்லை, நல்ல வகைகள் பல இப்படிப் பிறந்தவையே. ஆனால் தாயின் பெயரை அதற்குத் தரக் கூடாது.

மூன்றாவது சாத்தியம், ஒப்பீடே தவறான நேரத்தில் செய்யப்பட்டிருப்பது. புதிதாக நட்ட ஆண்டில் எந்த வகையும் தன் உண்மையான உருவத்தைக் காட்டாது: உயரம் குறையும், இரட்டை இதழ்கள் ஒழுங்கு கெடும், 'விரிடாப்பிஸ்' போன்றவற்றின் வெளியிதழ் நுனிப் பச்சை மங்கியோ இல்லாமலோ வரும். எனவே மூன்றாம் ஆண்டுக்கு முன் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அதன் பிறகும், ஒரே மண்ணில், ஒரே வெளிச்சத்தில் உள்ள குத்துகளை, பூ விரிந்த அதே நிலையில் வைத்து ஒப்பிட வேண்டும். மொட்டு நிலையில் குறுகியதாகத் தோன்றும் இதழ், வாடும் நேரத்தில் நீண்டுவிடும். ஒரு வெளியிதழை மெல்ல உயர்த்தி உள்ளிதழ்க் குறியின் வடிவம், சூலகத்தின் உருவமும் நிறமும், பூக்காம்பு பாளையைவிட (மொட்டை மூடியிருந்த உறை) நீண்டதா குட்டையா என்பது, இலை மடிப்பு, முதல் பூ விரிந்த நாள் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொண்டால் பெரும்பாலான ஐயங்கள் தீரும். எல்வேசியில் மட்டும் குறியைப் பெரிதாக நம்ப வேண்டாம். அதில் இரண்டு தனிக் குறிகள், இரண்டும் இணைந்த பெருக்கல் குறி வடிவம், நுனிக் குறி மட்டும் என மூன்றுமே இயல்பாக வரும்.

அடிக்கடி குழம்பும் சில வகைகளைச் சொல்லலாம். 'எஸ். ஆர்னாட்' உயரமானது, உருண்டு திரண்ட பூவும் தேன் மணமும் உடையது. வெதுவெதுப்பான நாளில் முகர்ந்து பார்த்தாலே பாதி ஐயம் தீரும். 'மேக்னெட்' அதே உயரத்தில் இருந்தாலும் அதன் பூக்காம்பு மிக நீண்டு மெலிந்திருப்பதால் சிறு காற்றிலும் பூ ஊசலாடும். 'அட்கின்சி' முன்பருவத்தில் பூப்பது, நீண்ட ஒடுங்கிய வெளியிதழ்கள் உடையது. அதே தோற்றத்தோடு, ஓர் இதழ் அடிக்கடி கோணலாகவோ கூடுதலாகவோ வந்தால் அது 'ஜேம்ஸ் பேக்ஹவுஸ்' ஆக இருக்கும். கோணல் இதழைக் கண்டு நோய் என்று அஞ்சித் தோண்டியவர்களும் உண்டு. அயர்லாந்தின் 'ஸ்ட்ராஃபன்' நன்கு வேரூன்றிய பின் ஒரு கிழங்கிலிருந்து இரண்டு பூந்தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரும். பூ முடிந்துவிட்டது என்று எண்ணிய குத்தில் மீண்டும் மொட்டு வந்தால் அது கலப்படத்துக்குச் சான்றன்று, அவ்வகையின் சிறப்பு.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

மேலே சொன்ன அறிகுறிகள் தொட்டியில் தோன்றினால் முதலில் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும், பிறகே நோயை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்குக் கிடைக்கும் குளிர்ச்சியும் ஈரமும் தொட்டியில் கிடைப்பதில்லை. கோடை வெயிலில் தொட்டியின் சுவர் சூடேறினால் கிழங்கு வெந்துவிடும், கடும் உறைபனியில் வேர்ப்பந்து முழுவதும் பக்கவாட்டிலிருந்து உறையும். தொட்டியை விளிம்பு வரை மணற்படுகையில் புதைத்து வைப்பது இரண்டுக்கும் தடுப்பாகும். கோடையில் நீர் ஊற்றுவதை முற்றிலும் நிறுத்திவிடாமல், மணலை மட்டும் அவ்வப்போது நனைத்தால் போதும். தொட்டிக்குள் நேராக ஊற்றும் நீர் உறங்கும் கிழங்கை அழுகச் செய்யும். செப்டம்பரில், வேர் புதிதாக ஓடத் தொடங்கும் முன், மண்கலவையை மாற்றிக் கிழங்குகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்க்கலாம். கருமுடிச்சு, மென்மை, பழுப்பு வளையம் ஆகியவற்றைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே கண்டுபிடிக்க இதைவிட வசதியான தருணம் இல்லை.